லோடு உட்கார்ந்த பிறகு கட்டிய கயிறு

போன செவ்வாய்க்கிழமை மாலைத் தபாலில் ஒரு இன்லாண்ட் லெட்டர் வந்தது. முகப்பேரிலிருந்து ஒரு வாசகி. மேலே தேதி போட்டிருந்தார். அதற்கே அவருக்கு ஒரு நன்றி. தேதி இல்லாத கடிதத்தை நான் இரண்டாம் முறை படிப்பதில்லை என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். புதிதாகச் சின்ன கார் வாங்கியிருக்கிறார்கள். மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு. அங்கே கூடாரம் போட்டுத் தங்கத் திட்டம். கூடாரம், மடக்குக் கட்டில், ஸ்டவ் எல்லாம் காரின் மேல் கேரியரில் போக வேண்டும். "கேரியர் கொஞ்சம் ஆடுகிறது. ஜன்னல் வழியாகக் கயிறு விட்டு, காரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஆடாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உங்களுக்கு இதில் அனுபவம் உண்டா?"

உண்டா?

கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, அந்த நிமிடமே ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். 'ஜன்னல் வழியாக வேண்டாம். வேண்டவே வேண்டாம்.' அவ்வளவுதான் எழுத முடிந்தது. நடந்து பல வருடம் ஆகிறது.

என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். எண்பதுகளின் கடைசி. பொங்கல் கழிந்து வந்த முதல் சனிக்கிழமை. முந்தின ராத்திரி எழுதிய திட்டம், என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

'காலை 5.40 - மூட்டை கட்டுவது. 6.20 - புறப்பாடு. டீ - திருவள்ளூர், 7.30. பூண்டி - 8.15.'

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் காலி. அன்றைக்கு நான் வேறு எதுவும் எழுதவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

அப்போது நாங்கள் அம்பத்தூரில் இருந்தோம். நான் ஒரு செகண்ட் ஹாண்ட் சின்ன கார் வாங்கி மூன்று மாதம். என் மைத்துனன் சேகர் - மனைவி வசந்தாவின் தம்பி - ராணுவத்தில் கழித்துப்போட்ட சாமான் விற்கிற கடையில் ஒரு கூடாரம் வாங்கியிருந்தான். காக்கி கான்வாஸ். சுருட்டி வைத்தால் ஒரு ஆள் படுத்திருக்கிற நீளம். தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதற்கு மரக் கம்பங்கள் நாலு, இரும்பு முளைகள் ஒரு சாக்கு.

பூண்டி ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்குவது, விடிந்ததும் பறவை பார்ப்பது - இதுதான் திட்டம். நான், வசந்தா, ஒன்பது வயது மகள் கவிதா, சேகர். நாலே பேர்தான். ஆனால் சேகரை ஒருவன் என்று கணக்கில் எடுப்பது சரியில்லை. ஸ்டேஷன் எடை மிஷின் நூறு கிலோவுக்கு மேல் போட்டு அட்டை துப்பியது என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

கூடாரம் தவிர மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு பிளாஸ்டிக் குடம், இட்லிக் குண்டான், ஜமக்காளம், மடக்கு நாற்காலி இரண்டு... ஒரு ராத்திரிக்குத்தான். கல்யாண வீட்டுச் சமையல்காரர் இதைவிடக் குறைவாகக் கொண்டுபோவார்.

பாடியில் ஒரு கடையில் கேரியர் வாங்கி மாட்டியிருந்தேன். கூரை விளிம்பில் கொக்கி போட்டு முறுக்குகிற வகை. கூடாரத்தை அதன்மேல் ஏற்றியதும் கேரியர் ஒரு பக்கமாக நகர்ந்தது. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நகர்ந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டு ஏழுமலை வந்தார். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் செக்‌ஷன். இருபது வருட சர்வீஸ். அவர் கட்டி அனுப்பிய பெட்டி காஷ்மீர் வரை போய் ஒரு ஆணிகூட அசையாமல் இறங்கியது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார்.

கேரியரை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பால் பல்லு மாதிரி ஆடிக்கினு கீது?"

"கெட்டியா முறுக்கிட்டேன், ஏழுமலை."

"நீ இன்னா முறுக்கினாலும் அது நிக்காது சார். வண்டி பாடியோட சேத்துக் கட்டணும். கொஞ்சம் இரு." வீட்டுக்குள் போய் மஞ்சள் நைலான் கயிறு ஒரு சுருள் கொண்டுவந்தார். கட்டை விரல் பருமன். "எல்லாரும் உள்ள ஏறிக் குந்துங்க."

"கட்டிட்டு ஏறக் கூடாதா?" என்று வசந்தா கேட்டாள். பதிவுக்காகச் சொல்கிறேன் - கேட்டது அவள்தான். நான் கேட்கவில்லை.

"இல்லம்மா. லோடு ஒக்காந்த பின்னாலதான் கயிறு போடணும். நீங்க குந்தினா வண்டி அமுங்கும். அமுங்கினா கயிறு லூசாப் பூடும். எங்க செக்‌ஷன்ல அதான் மொத பாடம்."

எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்துப்போனது. முறை என்று ஒன்று இருந்தால் நான் அதில் மயங்கிவிடுவேன்.

ஏறி உட்கார்ந்தோம். முன்னால் நானும் வசந்தாவும். பின்னால் சேகரும் கவிதாவும். அவர்களுக்கு நடுவில் ஒரு தண்ணீர்க் குடம். ஏழுமலை நாலு கண்ணாடியையும் இறக்கச் சொன்னார். முன் ஜன்னல் வழியாகக் கயிற்றை உள்ளே விட்டு, எங்கள் தலைக்கு மேலாக எதிர்ப்பக்க ஜன்னலில் வெளியே எடுத்து, கூடாரத்தைச் சுற்றி, மறுபடி உள்ளே... இரண்டு சுற்று. பின் ஜன்னல்களிலும் அதே மாதிரி. பிறகு டிக்கியை மூடி, அதன் மேலே நீட்டிக்கொண்டிருந்த கூடாரத்தின் வாலைப் பின் பம்பரோடு இழுத்து ஒரு கட்டு. முடிச்சுகள் எல்லாம் மேலே, கேரியரின் நடுவில்.

காரை ஒரு உலுக்கு உலுக்கினார். கேரியர் அசையவில்லை.

"இப்ப தலகீழா உருட்டி வுட்டாலும் ஒண்ணும் ஆவாது சார்."

"வாயைக் கழுவுய்யா" என்றான் சேகர்.

கிளம்பினோம். மணி 6.20. திட்டப்படியே.

ஜனவரிக் குளிர். வசந்தா கண்ணாடியை ஏற்றப் பார்த்தாள். கயிறு குறுக்கே இருந்ததால் முக்கால்வாசிக்கு மேல் ஏறவில்லை. கவிதாவுக்கு மங்கி கேப் போட்டுவிட்டாள். ஆவடி வந்ததும் சேகர் ஆரம்பித்தான்.

"அத்தான், ஒரு டீ."

"திருவள்ளூர்ல."

"இங்க ஒரு கடை, மசால் வடை போட்டுக்கிட்டிருக்கான். வாசனை உள்ள வருது."

"ஷெட்யூல்ல திருவள்ளூர்னு இருக்கு, சேகர்."

"அக்கா, நீ எப்படி இவரோட குடும்பம் நடத்தற? சாம்பாருக்கும் டைம் போட்டிருப்பாரே."

நான் நிறுத்தவில்லை. அன்று ஆவடியில் டீக்கு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. கதவைத் திறக்கப் பார்த்திருப்போம், திறந்திருக்காது, சிரித்திருப்போம். மசால் வடையை ஜன்னல் வழியாக வாங்கித் தின்றிருப்போம்.

பட்டாபிராம் பக்கம் ஒரு லெவல் கிராஸிங். எது என்று எழுதவில்லை. அங்கே வேலை பார்த்தவர் யாருக்கும் சங்கடம் வேண்டாம். கேட் திறந்திருந்தது. தண்டவாளம் இரண்டு ஜோடி. ரோடு ஒரு மேடு மாதிரி ஏறி, அந்தப் பக்கம் இறங்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருந்த கற்கள் சில பெயர்ந்து பள்ளமாகியிருந்தன.

முன் சக்கரம் தாண்டியது. பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம். இவ்வளவு லோடு ஏற்றிய சின்ன கார் தரையோடு தரையாகத்தானே போகும்? சைலன்சர் எதிலோ மாட்டிக்கொண்டது. எஞ்சின் இருமி நின்றது.

சாவியைத் திருகினேன். ஓடியது. கியரைப் போட்டேன். சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. ரிவர்ஸ்... அதுவும் இல்லை.

"இறங்கித் தள்ளிடலாம்" என்று கதவைத் திறந்தேன்.

திறக்கவில்லை.

லாக் ஆகியிருக்கிறதோ என்று பார்த்தேன். இல்லை. தோளால் இடித்தேன். கதவு ஒரு விரலளவு வெளியே போய், கயிறு இழுத்து, திரும்பி வந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாலு கதவு. நாலையும் உள்ளுக்கும் வெளிக்குமாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. டிக்கியும் கட்டியிருக்கிறது. காய் நறுக்கும் கத்தி இட்லிக் குண்டானுக்குள். குண்டான் டிக்கிக்குள்.

நாங்கள் நாலு பேரும் பார்சல்.

கேட் கீப்பர் ரூமிலிருந்து வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் டீ டம்ளர்.

"இன்னா சார், நடு ரோட்டுல நிறுத்திக்கினு? எறங்கித் தள்ளு."

"இறங்க முடியலைங்க."

"இன்னா முடியல? கால்ல அடியா?"

"கதவு கட்டியிருக்கு."

அவர் பக்கத்தில் வந்து கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கதவ யார்னா கட்டுவாங்களா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரி.

அப்போது ரூமுக்குள் போன் அடித்தது.

அந்தச் சத்தம்... கனமாக, விட்டு விட்டு. அவர் ஓடினார். இரண்டு வார்த்தை பேசினார். திரும்பி வந்தபோது கையில் டம்ளர் இல்லை; சிவப்புக் கொடி இருந்தது.

"வண்டி வருது. ஸ்டேஷன்ல கேட்டை மூடுன்றான். நீ நடுவுல கீற, நான் எங்க மூடுறது? புள்ளைய மொதல்ல வெளிய குடு." சொல்லிக்கொண்டே லைனோடு ஓட ஆரம்பித்தார். ஓடிய திசையைப் பார்த்துத்தான் ரயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது.

சைக்கிளில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். கவிதாவை ஜன்னல் வழியாக உருவி எடுத்தார்கள். குழந்தை அழவில்லை. "என் செருப்பு" என்று மட்டும் சொன்னது. வசந்தா புடவையைச் செருகிக்கொண்டு, தலையை முதலில் விட்டு, கயிற்றுக்கும் கதவுக்கும் நடுவே எப்படியோ நுழைந்து வெளியே விழுந்தாள். முழங்கையில் ரத்தம். அவள் எழுந்ததும் திரும்பிப் பார்த்தது என்னை அல்ல, தம்பியை.

சேகரால் முடியவில்லை. தோள் வரை வந்தான், அதற்கு மேல் வரவில்லை. இழுத்தார்கள். பிறகு உள்ளே தள்ளினார்கள். மறுபடி இழுத்தார்கள்.

"வுட்டுருங்க நைனா" என்று இழுத்தவரிடம் சொன்னான். "கழுத்து மட்டும் வெளிய போய் பிரயோஜனமில்ல."



"அப்படியே தூக்கிடலாம்டா" என்றார் சைக்கிள்காரர்களில் ஒருவர். பின்னால் போய்ப் பிடித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். கார் அசைந்தது, ஆனால் எழவில்லை. பின் சீட்டில் சேகர். ஸ்டீரிங் பிடிக்க முன்னால் நான். மேலே கூடாரம்.

புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா அந்தப் பக்கமாக வந்தார். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு போகிறவர். இடுப்பில் அரிவாள். கூட்டத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், உள்ளே சேகரைப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புல்லுக்கட்டைத் தண்டவாளத்துக்கு அப்பால் எறிந்துவிட்டு, அரிவாளை உருவிக்கொண்டு பின் ஜன்னலுக்கு வந்தார்.

இனி எழுதப்போகிற வாக்கியத்தை இத்தனை வருடம் நான் எங்கேயும் எழுதவில்லை.

அவர் அரிவாளைக் கயிற்றில் வைத்தார். நான் டிரைவர் சீட்டிலிருந்து திரும்பிச் சொன்னேன்: "அம்மா, ஒரு நிமிஷம். அறுத்தா மேல இருக்கிற டென்ட் சரிஞ்சுடும். முடிச்சை அவிழ்த்துடலாம்."

ஆமாம். நான்தான் சொன்னேன். சுய நினைவோடு, மரியாதையான குரலில். ரயில் வந்துகொண்டிருக்கிறது, உள்ளே வசந்தாவின் ஒரே தம்பி, நான் கூடாரத்தைப் பற்றிப் பேசினேன்.

அந்த அம்மாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மறந்திருப்பேன்.

பின்னாலிருந்து சேகர் மெதுவாகக் கேட்டான்: "அத்தான், நான் சரிஞ்சாப் பரவாயில்லியா?"

வசந்தா கேட்டுக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே, இரண்டடி தூரத்தில்.

"இவுரு கெடக்குறாரு, நீ சாய்ஞ்சிக்கோ கண்ணு" என்று சேகரிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா அறுத்தார். நாலு இழுப்பு. இருபது வருட சர்வீஸ் நாலு இழுப்பில் போனது. கதவு திறந்தது. சேகர் விழுந்து, எழுந்து, ஓடாமல் நேராகக் காரின் பின்பக்கம் போய் மற்றவர்களோடு சேர்ந்து பம்பரைப் பிடித்தான். அந்த அம்மா முன்பக்கம் வந்து என் ஜன்னல் கயிற்றையும் அறுத்தார்.

"ஸ்டீரிங்க நேராப் புடி, அது போதும்" என்றார் என்னிடம். பிடித்தேன்.

தூக்கித் தள்ளினார்கள். அடியில் ஏதோ கிழிந்தது. கார் மேட்டைத் தாண்டி உருண்டு இறங்கியது. கூடாரம் சரிந்து ரோட்டோரம் விழுந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் உட்பட - இதையும் பதிவுக்காகச் சொல்கிறேன்.

லைனோடு போயிருந்த கேட் கீப்பர் ஓடி வந்து கேட்டை இறக்கினார். மூச்சு வாங்க ரூமுக்குள் போய் போனில் ஏதோ சொன்னார். சிறிது நேரத்தில் ரயில் வந்தது. நாங்கள் மாட்டிக்கொண்டிருந்த அதே லைனில். வழக்கமான வேகத்தில். ஜன்னலோரம் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டு போனார்.

பூண்டிக்குப் போகவில்லை. யாரும் போகலாமா என்றுகூடக் கேட்கவில்லை. சைலன்சர் கிழிந்த கார் ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு அம்பத்தூர் வந்து சேர்ந்தது. கூடாரத்தை அந்த அம்மாவிடமே விட்டுவிட்டு வந்தோம். "மாட்டுக்கொட்டாய்க்கு ஆவும்" என்று வாங்கிக்கொண்டார். அவர் பெயரை நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் குறித்துவைக்கிறவன் அதை மட்டும் கேட்கவில்லை.

ஏழுமலை வாசலிலேயே நின்றிருந்தார். கயிற்றின் அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யார் சார் அறுத்தது? நல்ல கயிறு சார்."

நடந்ததைச் சேகர் சொன்னான். நான் சொன்ன வாக்கியத்தை விட்டுவிட்டுச் சொன்னான். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏழுமலை அப்படியே காரின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருவது வருசமாக் கட்டறேன் சார்" என்றார். "பெட்டிக்குள்ள கீறது என்னிக்கும் எறங்கணும்னு கேட்டதில்லியே சார்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவராவது எங்களை லோடு என்று எண்ணியது கட்டும்போது மட்டும். நான் எண்ணியது ரயில் வரும்போது.

சின்ன காரின் கஷ்டமே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பெரிய காரில் சாமானும் மனிதர்களும் தனித்தனி. சின்ன காரில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டியபிறகு எது சாமான், எது மனிதன் என்று வண்டி ஓட்டுகிறவனுக்கு மறந்துபோகிறது. அப்படி நான் மட்டும்தானா?

வசந்தா அந்த வாக்கியத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறை நானே எடுத்தேன். "எனக்குக் காதுல விழலை" என்றாள். விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு தகவல். இரண்டு வருடம் முன்பு, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒருவரைச் சந்தித்தேன். அவர் சொன்னார்: சில கேட்டுகள் சிக்னலோடு இணைக்கப்பட்டிருக்கும். கேட் மூடாதவரை ரயிலுக்கு வழிவிடும் சிக்னல் விழாது, ரயில் தள்ளியே நின்றுவிடும். வேறு சில கேட்டுகளில் அந்த இணைப்புக் கிடையாது. போனில் சொல்வது மட்டும்தான் காப்பு. அங்கே ரயில் வந்துவிடும்.

முதல் வகை என்றால், அன்றைக்கு ஆபத்தே இல்லை. சாவகாசமாக முடிச்சையே அவிழ்த்திருக்கலாம். நான் சொன்னது ஒரு மக்குத்தனமான பேச்சு, அவ்வளவுதான். இரண்டாம் வகை என்றால்...

"கேட் கீப்பர் சிவப்புக் கொடியோடு ஓடினாரே" என்று கேட்டேன். "எந்த வகையா இருந்தாலும் ஓடணும், அது ரூல்" என்றார் அவர்.

அதன்பிறகு அந்த கேட்டுக்கு மூன்று முறை போய் விசாரித்தேன். பழைய ஆள் மாற்றலாகிவிட்டார். இப்போது இணைப்பு இருக்கிறது. எந்த வருடம் போட்டார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எழுதிக் கேட்டதற்குப் பதில் இல்லை. ஆகவே அந்தச் சனிக்கிழமை காலையில் அந்த கேட் சிக்னலோடு இணைந்திருந்ததா, இல்லையா என்பது இந்த வாரம் வரை உறுதி செய்யப்படவில்லை.